நாற்பத்திரண்டாவது தடை

என் வேலை என்னவென்று கேட்கிறவர்களுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல எனக்கு வாய்த்ததே இல்லை. ரொம்பப் பெரிய சாமான்களை ஏற்றிக்கொண்டு வரும் லாரிக்கு முன்னால், அந்த லாரி போக முடியுமா என்று பார்த்துக்கொண்டே போகிறவன் நான். உயரம் பார்க்க ஒரு மூங்கில் கழி, அகலம் பார்க்க ஒரு டேப், கூட ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட். பெண் பார்க்கப் போன அன்று இதை என் வருங்கால மாமனாருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப லாரி உங்களுது இல்லீங்களா?" என்றார்.

பெயிண்ட்தான் இந்த வேலைக்கு உயிர். மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் கம்பத்தில் ஒரு வட்டம் போடுவேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் டிக். இடிக்கவோ பிரிக்கவோ வேண்டுமென்றால் பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு எண். பிறகு வரும் ஆட்கள் அந்தக் குறியை மட்டும்தான் பார்ப்பார்கள். பெருக்கல் இருந்தால் பிரிப்பார்கள், டிக் இருந்தால் தாண்டிப் போவார்கள். இதெல்லாம் ரிப்போர்ட்டாக டைப் அடித்து, பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தோடு ஆபீஸ்களுக்கும் போகும். அதை யாராவது படிப்பார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், ஒரு மாவட்டம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தவைதான். பிரித்தார்கள், சேர்த்தார்கள், திரும்பவும் பிரித்தார்கள். இதில் லாபம் பார்த்தவர் போர்டு எழுதுகிறவர் ஒருவர்தான். அந்த எல்லை போர்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் ஏரிக்கரை. உள்பக்கம் என் வீடு. வீட்டின் முகப்பில் என் மனைவியின் ஜெராக்ஸ் கடை.

ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். பட்டா, வருமானச் சான்று, பயிர்க் காப்பீடு, காலேஜ் அப்ளிகேஷன், ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்ப்பது, மாமியார் பெயரை எடுப்பது, எல்லாமே அங்கேதான் நடக்கும். அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அரியலூர் டவுனில் வேறொருவர் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தாள். சொந்தக் கடை என்பது அவளுடைய பத்து வருஷத்து ஆசை. அதைக் கட்டும்போதுதான் நான் என் அறிவைக் காட்டினேன்.

முன்சுவருக்குக் கயிறு பிடித்தபோது அவள் சொன்னாள்: "ரோட்டுக்கு ரொம்ப முன்னாடி வர்ற மாதிரி இருக்கே. மூணடி உள்ள தள்ளிக்கலாமே."

"ரோட்ட அளக்கறதே என் பொழப்பு. எனக்குத் தெரியாதா? இந்தச் சுவத்துல ஒருத்தன் கை வைக்க முடியாது," என்றேன்.

கொத்தனார் வேறு பக்கத்தில் நின்றார். கொத்தனார் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. சுவர் நான் சொன்ன இடத்தில் எழும்பியது. அதை ஒட்டி உள்பக்கம் இரண்டு தூண், மேலே தகரக் கூரை, ஆட்கள் வரிசையில் நிற்க சிமெண்ட் தளம். அவள் அங்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காத்திருக்கிறவர்களுக்குப் பானையில் தண்ணீர் வைத்தாள். யாரும் நின்றுகொண்டே காத்திருக்கக் கூடாது என்பது அவள் கடையின் சட்டம்.

இது இப்படி இருக்க, வெளிநாட்டிலிருந்து ஒரு இரும்பு உருளை புறப்பட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பேக்டரிக்கு வந்த சாமான் அது. சுண்ணாம்புக்கல்லை உள்ளே போட்டுச் சுடுகிற நீளமான சுழலும் சூளையை பேக்டரியில் கில்ன் என்பார்கள். அதில் ஒரு துண்டு. ஒரு துண்டுதான், ஆனால் உள்ளே ஒரு மினி பஸ்ஸை நிறுத்தலாம். கப்பலில் கடல் தாண்டி, ஆந்திரப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, மாநில எல்லையையும் தாண்டி வரவேண்டியது. அரியலூர் மண்ணைத் தோண்டினால் சிப்பியும் சங்கும் கல்லாகக் கிடக்கும், ஒரு காலத்தில் இங்கெல்லாம் கடல் இருந்ததாம். கொஞ்சம் சீக்கிரம் ஆர்டர் கொடுத்திருந்தால் கப்பலை நேரே பேக்டரி வாசலிலேயே கட்டியிருக்கலாம். பேக்டரிக்காரர்கள் தாமதித்துவிட்டார்கள்.

பெரம்பலூரிலிருந்து பேக்டரி வரைக்கும் சாலையைப் பார்த்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. ஜீப்பில் மூங்கிலை நட்டுக்கொண்டு கிளம்பினேன். கூரை ஓரம், கடை போர்டு, பயணிகள் நிழற்குடை, ஊர் பெயர் எழுதிய வளைவு என்று குறி போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு கூட்டுரோட்டில் நான்கு கட்சிகளின் கொடிக் கம்பங்கள் வரிசையாக நின்றன. நான்கையும் எடுக்க வேண்டும். நான்கு பேரும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டு, "எடுக்கறதுல ஆட்சேபணையே இல்லீங்க, மொதல்ல அவங்கள எடுக்கச் சொல்லுங்க" என்றார்கள். கடைசியில் நான் விசில் ஊத, நான்கு கம்பங்களும் ஒரே நொடியில் பிடுங்கப்பட்டன. இடிக்கிற, பிடுங்குகிற கணக்கில் அது நான்கு எண்.

பதினேழாம் எண் ஒரு டீக்கடை. முன்பக்கம் புதுசாக ஷீட் போட்டிருந்தார். பெருக்கல் குறி போட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன மாசந்தான் போட்டங்க. ஒரு சாண் வுட்டுக் குடுங்களேன்" என்றார். நான் டேப்பைக் காட்டி, "நான் என்னங்க பண்றது, டேப்பு சொல்லுது" என்றேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு கம்பீரம் இருந்தது. ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

நாற்பதாவது ஒரு சோடாக்கடைப் பந்தல். நாற்பத்தொன்றாவது எல்லை போர்டேதான். அடுத்தது வளைவு, அதைத் தாண்டினால் பேக்டரி வரைக்கும் ஒரு தடையும் இல்லை.

நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது தலை போன வழியில் வால் போகாது. வால் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வெளிப்பக்கம் ஒதுக்கி ஓட்டலாம் என்றால் ஏரிக்கரை மண் அந்த எடையைத் தாங்காது. டேப்பைப் பிடித்தேன். என் மனைவியின் கடை இரண்டு சாண் இடித்தது. மறுபடி அளந்தேன். டேப்பைத் தளர்த்தி, கொஞ்சம் சாய்த்துக்கூட அளந்து பார்த்தேன். இரண்டு சாண்.

அவள் உள்ளே யாருக்கோ சாதிச் சான்று போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, காபி வேண்டுமா என்று கையால் கேட்டாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். பிறகு பிரஷை எடுத்து, பட்டப்பகலில், அவள் கண் முன்னாலேயே, அந்தச் சுவரில் ஒரு டிக் போட்டேன். நல்ல பெரிய டிக். பரீட்சைத் தாளில்கூட எனக்கு யாரும் அப்படிப் போட்டதில்லை.

மூணடி உள்ளே தள்ளலாமே என்று அவள் சொன்னதும், எனக்குத் தெரியாதா என்று நான் கேட்டதும்தான் என் கையைப் பிடித்து அந்த டிக்கைப் போட வைத்தன. ஓட்டுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் இரண்டு சாணை எப்படியாவது வாங்கிவிடுவார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். டீக்கடைக்காரருக்கு ஒரு சாண் விடாதவன், எனக்கு நானே இரண்டு சாண் விட்டுக்கொண்டேன்.

என் நோட்டைப் பார்த்து ரிப்போர்ட் டைப் அடிப்பது எப்போதும் அவள்தான். இந்தத் தடவையும் அடித்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை எப்போதும்போலப் பென்சிலால் குறித்து, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்சம் இறக்கி அடுக்கி, கீழ் ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தாள். நான் மளமளவென்று போட்டு முடித்தேன். மூன்று ஆபீஸ்களுக்குப் போய், மூன்று சீல் வாங்கி, காப்பி ஒன்று எங்கள் லாரிக் கம்பெனி மேனேஜருக்கும் போனது. அதற்குப் பிறகு மேனேஜர் போனில் கேட்கும்போதெல்லாம் "நாப்பத்தொண்ணு சார்" என்பேன். கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டே அவரும் "ஆமா, நாப்பத்தொண்ணு" என்பார்.

வண்டி வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. அந்த நாட்களில் வீட்டில் சில மாறுதல்கள் நடந்தன. ஜெராக்ஸ் மெஷின் ஒருநாள் கடையிலிருந்து ஹாலுக்கு வந்தது. காலையில் எழுந்ததும் அதில் கால்விரலை இடித்துக்கொள்வேன். "இத எதுக்கு நடு வூட்ல வச்சிருக்க?" என்று கத்தினால், "இருக்கட்டும்" என்பாள். கம்ப்யூட்டர் சமையல்கட்டுப் பக்கத்தில் குடியேறியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் கொல்லைக்குப் போயின. பெயிண்ட் அடிக்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் உள்ள ஒவ்வொரு கம்பியும் எத்தனை அடி உயரம் என்று கண்ணாலேயே சொல்கிறவனுக்கு, தன் வீட்டு ஹாலில் கிடக்கும் மெஷின் கண்ணில் படவில்லை.

வண்டி தை மாசக் கடைசியில் பெரம்பலூரைத் தாண்டியது. முன்னால் ஒரு இஞ்சின் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, நடுவில் எண்ண முடியாத சக்கரங்களின் மேல் அந்த உருளை. நடந்து போகிறவர்கள் அதை முந்திப் போனார்கள். பகலில் மட்டும்தான் ஓட்ட அனுமதி. ஓட்டுநர் ராஜஸ்தான்காரர், ஐம்பது வயதிருக்கும், ரோட்டோரக் கடைகளிலேயே தமிழ் கற்றவர். எங்கே வண்டி நின்றாலும் உடனே கீழே இருக்கும் பெட்டியைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, ரொட்டி தட்ட ஆரம்பித்துவிடுவார். அவர் வழியில் சாப்பிட்ட ரொட்டிகளை எண்ணினால் எத்தனை தடை என்று தெரிந்துவிடும்.

முதல் தடை நான் எழுதாத ஒன்று. ஒரு ஊரில் பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தார்ரோடு முழுக்கக் களம்தான். கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். சோளத்துக்கு நடுவில் காலால் கோடு இழுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு வெயிலு காயணும்," என்றார்.

"கடல் தாண்டி வந்த சாமானுங்க."

"அத்தினி தூரம் வந்தது இன்னும் ஒரு வெயிலு நிக்காதா?"

நின்றது. மேனேஜர் போனில், "என்ன ஸ்டேட்டஸ்?" என்றார். "பாதி காஞ்சிருக்கு சார்," என்றேன்.

மறுநாள் மத்தியானம் எல்லைக்கு வந்தோம். பிடுங்கி வைத்திருந்த போர்டைத் தாண்டி இஞ்சின் எங்கள் ஊருக்குள் நுழைந்தது. நான் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, கையை ஆட்டி ஆட்டி ஓட்டுநரைக் கூப்பிட்டேன். வெளிப்பக்கம், இன்னும் வெளிப்பக்கம், என்று ஏரிக்கரை ஓரம் வரை இழுத்தேன். கரையிலிருந்து மண் பொலபொலவென்று சரிந்தது. ஓட்டுநர் நிறுத்திவிட்டு இறங்கினார். ஏரியைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், சுவரில் இருந்த டிக்கைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, பத்தாது," என்றார். "ரெண்டு சாண்."

டேப் இல்லாமலே சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

இப்போது வண்டியின் தலை அரியலூர் மாவட்டத்தில், வால் பெரம்பலூர் மாவட்டத்தில். கம்பெனி இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக ஜீப் வைத்திருந்தது. இந்த ஜீப்காரர் எல்லை வரைக்கும் கூட வருவார், அந்த ஜீப்காரர் எல்லையிலிருந்து கூட்டிப் போவார். இருவரும் விசிலோடு சண்டைக்கு நின்றார்கள்.

"வண்டி உங்க பக்கம் வந்துட்டுதுங்க. நான் கெளம்பறேன்."

"வாலு இன்னும் உங்க மாவட்டத்துலதாங்க இருக்கு. வாலு வரட்டும், வாங்கிக்கறேன்."

"தலைதாங்க கணக்கு."

"எந்தத் தாள்ல போட்டிருக்கு தலைதான் கணக்குன்னு?"

அப்படி எந்தத் தாளிலும் போட்டிருக்கவில்லை. இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு மொட்டை போடப் போன குடும்பம் ஒன்று வேனிலிருந்து இறங்கி, பிள்ளையை உருளைக்கு முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தது.

அதைவிட மோசமானது இனிமேல்தான் வந்தது. வண்டி நின்ற செய்தியும், எங்கே நின்றது என்ற செய்தியும் போனில் பறந்துவிட்டன. சாலை நெடுக என் சிவப்புக் குறி வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். சுவரில் எண் போட்டுப்போட்டு, அவர்களுக்கே அது பெயராகிவிட்டிருந்தது.

"பதினேழு வந்துட்டாரா?"

"தோ நிக்கிறாரு. முப்பத்தொண்ணு டிவிஎஸ்ல வந்துக்கிட்டு இருக்காப்ல."

நான்கு கட்சிக்காரர்களும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர்கள் ஒன்றாகச் செய்த இரண்டாவது காரியம் அது. பதினேழாம் எண் டீக்கடைக்காரர் சொந்தமாக ஒரு டேப் கொண்டுவந்திருந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. சுவரில் இருந்த டிக்கை வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், துக்க வீட்டில் முகம் பார்க்கிற மாதிரி. பிறகு டீக்கடைக்காரர் ஒரு முனையைப் பிடிக்க, சோடாக்கடைக்காரர் மறுமுனையைப் பிடிக்க, அளந்தார்கள்.

"நான் என்னங்க பண்றது," என்றார் டீக்கடைக்காரர் என்னிடம், ரொம்ப மரியாதையாக. "டேப்பு சொல்லுது."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன். ரிப்போர்ட்டில் இல்லாத தடை எப்படி முளைத்தது என்று கத்தினார். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், ஊரே பார்க்கிற வெட்கம் ஒரு பக்கம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"புதுசா கட்டியிருக்காங்க சார். நான் அளந்தப்ப இல்ல."

"யார் வீடு அது?"

"தெரியலங்க சார்."

"ஆளைக் கூப்பிட்டுப் பேசுங்க."

"யாரும் இல்ல சார். பூட்டியிருக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பினால் கடை வாசற்படியில் என் மனைவி நிற்கிறாள். எத்தனை நேரமாக நின்றாளோ. கையில் ஒரு ஃபைல். முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நடு ரோட்டில் தொலைந்துபோன பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். போனைக் கீழே இறக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சிறுத்துப்போய் நான் நின்றதில்லை.

அவள் படியிறங்கி வந்தாள். ஃபைலைத் திறந்து, கடைசிக்கு முந்தின தாளை எடுத்து, என்னிடம் தரவில்லை. டீக்கடைக்காரரிடம் கொடுத்தாள்.

"சத்தமா படிங்கண்ணே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"நாற்பத்திரண்டு. வளைவின் உள்பக்கம், ஜெராக்ஸ் கடையின் முன்பகுதி. தகரக் கூரை, இரண்டு தூண், முன்சுவர். வண்டியின் பின்பகுதி திரும்ப இரண்டு சாண் போதவில்லை. அகற்ற வேண்டும்."

ரொட்டி வேகிற சத்தம்கூடக் கேட்டது.

"அதுக்குக் கீழ இருக்கறதையும் படிங்க," என்றாள்.

"உரிமையாளர் ஒப்புதல் பெறப்பட்டது." அவர் நிமிர்ந்தார். "உங்க கையெழுத்து போட்டிருக்கும்மா."

"அதுக்கும் கீழ?"

"இவரு கையெழுத்து. அப்பறம் சீலு. மூணு சீலு."

தாளை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்தேதான். என் பெயருக்கு மேலே, சுத்தமான டைப்பில், உண்மை மூன்று வாரமாக உட்கார்ந்திருந்தது. மூன்று ஆபீஸ்களும் அதில் சீல் குத்தியிருந்தன, மேனேஜர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நாற்பத்தொன்று என்றிருந்தார். ஊர் உலகத்தில் அதைப் படித்த ஒரே ஆள் அதை அடித்தவள்.

"எப்ப அளந்த?" என்றேன்.

"நீங்க டிக் போட்டுட்டுப் போனீங்கல்ல, அன்னிக்கு மத்தியானமே. டேப்ப ஒரு தடவ தளத்திப் புடிச்சீங்க, ஒரு தடவ சாச்சுப் புடிச்சீங்க. ஒழுங்கா இருந்தா எதுக்கு சாச்சுப் புடிக்கப் போறீங்க? நானே பேனரு அளக்கற டேப்ப எடுத்து அளந்தேன்."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." குரல் உயரவில்லை. "கையெழுத்துப் போடறப்ப பாப்பீங்க, பாத்துட்டு எதாச்சும் பேசுவீங்கன்னு நெனச்சேன். நீங்க பேனாவ மூடிட்டு, காபி இருக்கான்னு கேட்டீங்க. சரி, அப்பறமா சொல்லுவாருன்னு மெஷின ஹாலுக்குக் கொண்டாந்தேன். தெனமும் கால்ல இடிச்சிக்கிட்டு என்னத்தான் திட்டினீங்க."

யாரோ சிரித்தார்கள். முப்பத்தொன்றாக இருக்கலாம். டீக்கடைக்காரர் அவரை முறைத்து அடக்கினார்.

"கடை போனா பின்னாடி தள்ளிக் கட்டிக்கலாங்க," என்றாள். "மூணடி முன்னாடி கட்டினது தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உங்களுக்கு எங்கிட்ட என்ன பயம்?"

போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டேன். "சார், அது என் வீடு. என் மனைவி கடை. நான்தான் மறைச்சேன். ஆனா ரிப்போர்ட்ல நாப்பத்திரண்டாவதா இருக்கு, பாருங்க," என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா, நாப்பத்திரண்டு," என்றார் மேனேஜர், எப்போதும் அதையே சொல்லி வந்தவர் மாதிரி. வேலை போகவில்லை. என்னை அனுப்பினால் அந்தத் தாளை அவர் படிக்கவில்லை என்பதும் வெளியே வந்துவிடும்.

என் ஜீப்பிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். டிக்கின் மேலேயே பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 42 என்று எழுதினேன். திரும்பி டீக்கடைக்காரரைப் பார்த்தேன். போன மாசந்தான் போட்டங்க என்று அவர் என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. "மன்னிச்சிக்கங்க," என்றேன். அவர் காதில் வாங்காதவர் மாதிரி சட்டையைக் கழற்றினார்.

"ஆளுங்க வந்தா கடப்பாறைய வச்சு நசுக்கிடுவானுங்க. நட்ட கழட்டினா ஷீட்டு முழுசா வரும். ஏணி இருக்காம்மா?"

வந்திருந்த எண்கள் எல்லாரும் சேர்ந்து பிரித்தார்கள். நான்கு கட்சிக்காரர்களும் இரண்டு தூணை எடுத்தார்கள், ஆளுக்குப் பாதித் தூண். தகரம் ஒன்றுகூட நெளியாமல் இறங்கியது. சுவரை மட்டும் இடிக்க வேண்டியிருந்தது. முதல் அடியை நான்தான் அடித்தேன். கொத்தனார் நல்ல வேலைக்காரர், லேசில் விழவில்லை.

ஓட்டுநர் ரொட்டியைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். உருளை எங்கள் வீட்டைத் தாண்ட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதன் விலாவில் ஏதோ ஒரு பாஷையில் பெரிய எழுத்துகள் ஊர்ந்து போயின. வால் எல்லையைத் தாண்டியதும் இந்தப் பக்கத்து ஜீப்காரர் ஒரு விசில் ஊதி ஒப்படைத்தார், அந்தப் பக்கத்துக்காரர் ஒரு விசில் ஊதி வாங்கிக்கொண்டார்.

வண்டியோடு கொஞ்ச தூரம் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ஹாலில் மெஷினைச் சுற்றிக்கொண்டு பார்த்து நடந்தேன். கடை இருந்த இடத்தில் செங்கல் குவியல், நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. யாரோ பயிர்க் காப்பீட்டுக்கு வந்தவர் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். அவள் சமையல்கட்டிலிருந்து அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "முன்னாடி கட்டினது என் தப்புதான். அன்னிக்கே நீ சொன்ன," என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கடையைத் திருப்பிக் கட்ட அனுமதி கேட்டு அடித்திருந்த ஒரு தாளை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க."

பேனாவைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடிவிட்டு, மேலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

"சத்தமா," என்றாள்.

சத்தமாகப் படித்தேன். ஊர், சர்வே எண், கடையின் நீளம், அகலம். சாலையிலிருந்து தூரம் என்ற இடத்தில் எண் இல்லை, வெறும் கோடு மட்டும் இருந்தது. எழுந்து போய் டேப்பை எடுத்து வந்தேன். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவள் பிடித்தாள். சாய்க்காமல், தளர்த்தாமல் அளந்து, எண்ணைச் சொன்னேன்.

"இன்னும் ஒரு அடி உள்ள தள்ளி எழுதுங்க," என்றாள்.

எழுதினேன்.